டயாலிசிஸ் நாற்காலியில் தனியாக: ஒரு விசுவாசியின் கேள்விக்குப் பதில்

கேள்வியின் சுருக்கம் இது. ஐம்பதைத் தாண்டிய ஒரு சகோதரி. சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து, ஒன்றரை வருடமாக வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். ஆரம்பத்தில் சபையார் கூட்டமாக வந்து ஜெபித்தார்கள். இப்போது போன்கூட இல்லை. வருகிற ஒன்றிரண்டு பேரும் "அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கான்னு பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தை வரவில்லை. "கர்த்தரும் என்னைக் கைவிட்டுவிட்டாரா? நான் என்ன செய்யட்டும்?"

சகோதரி, உங்கள் கேள்வியில் இரண்டு விஷயம் பின்னிக்கிடக்கிறது. "யாரும் வரவில்லை" என்பது நடந்த சங்கதி. "கர்த்தரும் விட்டுவிட்டார்" என்பது அந்தச் சங்கதியை வைத்து மனசு எழுதிக்கொண்ட தீர்ப்பு. முதலாவதற்கு மனிதர்களிடம் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. இரண்டாவதை அவரிடமே கேட்டுவிட வேண்டும், அதே வார்த்தையில். "ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று கேட்பது அவிசுவாசம் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அந்த வரி 22-ஆம் சங்கீதத்தின் முதல் வசனம் என்பதையும், சிலுவையில் ஆண்டவர் தமது வாயாலேயே அதைச் சொன்னார் என்பதையும் அவர்களுக்கு நினைவுபடுத்தலாம்.

ஜெபத்துக்கு முன்னால் சரீரத்தைப் பார்ப்போம். வேதமும் அந்த வரிசையில்தான் போகிறது. 1 இராஜாக்கள் 19-இல் தீர்க்கதரிசி எலியா தன் வேலைக்காரனை பெயெர்செபாவில் நிறுத்திவிட்டு, வனாந்தரத்தில் ஒருநாள் பயணம் தனியாக நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டான். தேவன் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. முதலில் தூக்கம். பிறகு தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். மறுபடியும் தூக்கம். மறுபடியும் சாப்பாடு, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்ற ஒரு வரி. "நீ இங்கே என்ன செய்கிறாய்" என்ற கேள்வி வந்தது 40 நாளைக்குப் பிறகு, ஓரேப் மலையில்.

உங்கள் நிலைக்கு இதை வைத்துப் பார்த்தால்: நாலு மணி நேர டயாலிசிஸ் முடிந்து எழுந்தால் பிரஷர் இறங்கியிருக்கும், தலை கிறங்கும், உடம்பு பிழிந்து போட்டமாதிரி இருக்கும். பலருக்கு இந்த அசதி மறுநாள் காலை வரைக்கும் போகாது. அன்று மாலை ஜெபம் வரவில்லை என்றால் அதற்குக் காரணம் விசுவாசக் குறைவு அல்ல, இரத்த ஓட்டம். டயாலிசிஸ் நாளின் மாலையில் உங்கள் ஆவிக்குரிய நிலைமையை எடைபோடவே கூடாது என்று ஒரு சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். வேதம் வாசிக்கவும் ஜெபிக்கவும் டயாலிசிஸ் இல்லாத நாளின் காலை நேரத்தை ஒதுக்குங்கள். இரவெல்லாம் அரிப்பும் கால் குடைச்சலும் தூங்க விடவில்லை என்றால் அதைத் தாங்கிக்கொள்வது ஒரு புண்ணியம் இல்லை. டாக்டரிடம் சொல்லுங்கள். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இரண்டும் சகஜம், இரண்டுக்கும் மருத்துவம் உண்டு.

இனி ஜெபம். வார்த்தை வராதவர்களுக்கு 13-ஆம் சங்கீதம் ஒரு நல்ல அச்சு. ஆறே வசனம். இரண்டிரண்டாகப் பிரியும். முதல் இரண்டு வசனம் முறையீடு: "எதுவரைக்கும்" என்று தாவீது நாலு தரம் கேட்கிறான். அடுத்த இரண்டு விண்ணப்பம்: "நோக்கிப்பார்த்து, எனக்குச் செவிகொடுத்தருளும்." கடைசி இரண்டு நம்பிக்கை: "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்."

இதை வைத்து ஜெபிக்கும் விதம் இப்படி. முதல் இரண்டு வசனத்தை வாய்விட்டு வாசியுங்கள். வார்டில் இருந்தால் முணுமுணுத்தால் போதும். வாசித்துவிட்டு, உங்கள் "எதுவரைக்கும்" என்ன என்று சொந்த வார்த்தையில் சொல்லுங்கள். "எதுவரைக்கும் இந்த ஊசி, ஆண்டவரே? எதுவரைக்கும் தண்ணியை அளந்து குடிக்கணும்? எதுவரைக்கும் வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டா நமக்குத்தான்னு எதிர்பார்த்து ஏமாறணும்?" பொதுவாகச் சொல்ல வேண்டாம், "கஷ்டமா இருக்கு" என்பதைவிட வியாழக்கிழமை என்ன நடந்தது என்று சொல்வது நல்லது. பிறகு 3, 4 வசனங்கள். இன்றைக்கு வேண்டிய ஒரே ஒரு காரியத்தைக் கேளுங்கள். அற்புத சுகத்தைக் கேட்பதிலும் தப்பில்லை. ஆனால் "இன்றைக்கு மெஷினில் பிரஷர் இறங்காமல் இருக்க வேண்டும்" என்பதும் முழு ஜெபம்தான். கடைசியில் 5, 6. மொத்தம் பத்து நிமிடம் போதும். கண் மங்கலாக இருந்தால் ஆடியோ வேதாகமத்தில் இந்த ஒரு சங்கீதத்தை மட்டும் போட்டுவிட்டு, இடையில் நிறுத்தி நிறுத்திச் சொல்லலாம்.

இதில் பெரும்பாலும் எங்கே தப்பு நடக்கிறது என்றால், முதல் வசனத்திலிருந்து நேராக ஐந்தாவதுக்குத் தாவிவிடுகிறோம். சபையில் நமக்கு அப்படித்தான் பழக்கம். துக்கத்தைச் சொல்ல ஆரம்பித்ததுமே யாராவது "அல்லேலூயா, கர்த்தர் நல்லவர்" என்று மூடிவிடுவார்கள். மூடிய துக்கம் உள்ளேயே கிடந்து, ஒருநாள் தேவன்மேலேயே கசப்பாகத் திரும்பும். தாவீது ஐந்தாம் வசனத்துக்கு வந்தது நாலு வசனம் அழுத பிறகு.

ஐந்தாம் வசனம் வரவே இல்லை என்ற நாளும் உண்டு. அந்த நாளுக்கு 88-ஆம் சங்கீதம் இருக்கிறது. எஸ்ராகியனாகிய ஏமான் பாடியது, 18 வசனம், துதியில் முடியாது. அதன் கடைசி வசனத்தை வாசித்துப் பாருங்கள்: "சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர், எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்." உங்கள் கேள்வியே இதுதான். இந்தப் புலம்பல் அப்படியே நின்றுபோன நிலையில் வேதத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. யாரும் கீழே ஒரு ஆறுதல் வரி ஒட்டவில்லை. அதே சமயம் ஏமான் விடாத ஒன்று உண்டு. முதல் வசனத்தில் "இரவும் பகலும்", ஒன்பதாவதில் "அநுதினமும்", பதின்மூன்றாவதில் "காலையிலே" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். பதில் வந்ததாக ஒரு வரியும் இல்லை. கூப்பிடுவதையும் அவன் நிறுத்தவில்லை. உங்களால் "கர்த்தாவே" என்ற ஒரு சொல்தான் சொல்ல முடிகிறது என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்வது இப்படிப்பட்ட நாட்களுக்குத்தான்.

பாவம் என்று சொல்கிறவர்கள் விஷயம்

இவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. பிறவிக் குருடனைப் பார்த்து சீஷர்கள் இதே கேள்வியைக் கேட்டார்கள். யோவான் 9:3-இல் ஆண்டவர், அவன் செய்த பாவமுமல்ல, பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல என்றார். யோபுவின் சிநேகிதர்கள் ஏழுநாள் இரவும் பகலும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்லவர்கள். வாயைத் திறந்து, "நீ ஏதோ செய்திருக்கிறாய்" என்று ஆரம்பித்ததிலிருந்து கெட்டது. கடைசியில் தேவனுடைய கோபம் அவர்கள்மேல்தான் மூண்டது. யோபு அவர்களுக்காக ஜெபிக்க வேண்டியதாயிற்று (42:7-10).

உங்கள் மனச்சாட்சிக்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. தெளிவாக ஒரு காரியம் நினைவுக்கு வருகிறதா, இன்னாரிடம் இன்ன பொய், இன்னார் காசு? வந்தால் அறிக்கையிடுங்கள், சரிசெய்ய முடிந்ததைச் சரிசெய்யுங்கள். 1 யோவான் 1:9-இன்படி அது முடிந்த கணக்கு. ஒன்றும் குறிப்பாக வரவில்லை, ஆனால் "ஏதோ இருக்கும்" என்று மட்டும் அரித்துக்கொண்டே இருக்கிறது என்றால், அதைத் தோண்டிக்கொண்டிருக்க வேண்டாம். அது யாரோ போட்டுவிட்டுப் போன பாரம். அடுத்த முறை யாராவது ஆரம்பித்தால், "நீங்க எனக்காக ஒரு சங்கீதம் வாசிச்சா போதும்" என்று பேச்சை மாற்றிவிடுங்கள். அதற்கு மேலும் பேசுகிறவர்களிடம், களைப்பாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடலாம். அது பொய்யும் இல்லை.

இதைவிட ஆபத்தான பேச்சு ஒன்று உண்டு: "விசுவாசம் இருந்தா டயாலிசிஸை நிறுத்திட்டு ஜெபியுங்க." தயவுசெய்து ஒரு முறைகூடத் தவறவிடாதீர்கள். நிறுத்தினால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடுமாறும், நுரையீரலில் நீர் கோர்க்கும். உயிருக்கே ஆபத்து, அதுவும் சில நாட்களுக்குள். வியாதியாய்க் கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு 15 வருடம் கூட்டித் தருவேன் என்று தேவனே வாக்குக்கொடுத்த பிறகும், அவன் பிளவையின்மேல் அத்திப்பழத்து அடையை வைத்துக் கட்டச் சொன்னான் ஏசாயா. வாக்குத்தத்தமும் மருந்தும் ஒரே வீட்டில் இருந்தன. பவுல் மூன்று தரம் ஜெபித்தும் அவன் சரீரத்தில் "முள்" என்று சொன்ன உபத்திரவம் போகவில்லை. உடன் ஊழியனான துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாகவே மிலேத்துவில் விட்டுவந்தான். தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கைவைத்தியம் சொன்னான். இவர்களில் யாருக்கும் விசுவாசம் குறைவு என்று எழுதப்படவில்லை. உபவாச ஜெபமும் அப்படித்தான்: சாப்பாட்டையும் மாத்திரையையும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. உபவாசம் இருக்க விரும்புகிறவர்கள் உங்களுக்காக இருக்கட்டும்.

ஏன் வருவதை நிறுத்தினார்கள்

அன்பு வற்றிப்போனதுதான் காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். சிலருக்கு உண்மையிலேயே அப்படித்தான் இருக்கும். பெரும்பாலோருக்கு வேறு காரணங்கள். காய்ச்சல் என்றால் வந்து ஜெபித்துவிட்டுப் போகலாம், ஒரு வாரத்தில் சரியாகிவிடும்; டயாலிசிஸ் முடிவே இல்லாமல் போகிறது, என்ன பேசுவது என்று தெரியவில்லை. "நாம போய் அவங்களைக் களைப்பாக்க வேண்டாம்" என்று ஒருவர். "வேற யாராவது போயிருப்பாங்க" என்று எல்லாரும். பணம் கேட்டுவிடுவார்களோ என்ற பயம் சிலருக்கு. இதை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள், ஆனால் நிறைய கால்களைத் தடுப்பது இதுதான். எல்லாவற்றையும்விடக் கனமானது வெட்கம். ஆறு மாதமாகப் போகவில்லை, இனி எந்த முகத்தோடு போவது? அந்த வெட்கம் நாளாக நாளாக வளரும். அதை உடைக்க அவர்களால் முடியாது. உங்களால் முடியும், ஒரு போனில்.

"நோயாளி நான், நானா கூப்பிட வேண்டும்?" என்று தோன்றும். நியாயமான கேள்வி. ஆனால் கெத்செமனேயில் ஆண்டவரே, "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது, நீங்கள் இங்கே தங்கி, என்னோடேகூட விழித்திருங்கள்" என்று வாய்திறந்து கேட்டார். மூன்று பேரிடம் கேட்டார், அவர்கள் தூங்கிப்போனார்கள், திரும்பவும் வந்து எழுப்பினார். துணை கேட்பது பலவீனமான விசுவாசத்தின் அடையாளம் என்றால் இந்தப் பக்கத்தையே கிழித்துவிட வேண்டும்.

எப்படிக் கேட்பது என்பதற்கு 2 தீமோத்தேயு 4-ஆம் அதிகாரத்தைவிட நல்ல மாதிரி இல்லை. பவுல் ரோமாபுரிச் சிறையில் இருக்கிறான். கூட இருந்த தேமா விட்டுப்போய்விட்டான்; "லூக்காமாத்திரம் என்னோடே இருக்கிறான்." என்ன எழுதுகிறான்? "எனக்காக ஜெபியுங்கள்" என்று பொதுவாக எழுதவில்லை. தீமோத்தேயுவைப் பெயர் சொல்லி வரச் சொல்கிறான். வரும்போது மாற்குவைக் கூட்டிவா. துரோவாவில் கார்ப்பு வீட்டில் விட்டுவந்த மேலங்கி, புஸ்தகங்கள், விசேஷமாய்த் தோற்சுருள்கள், இவற்றை எடுத்துவா. மாரிகாலத்துக்கு முன்னே வந்துசேர். யார், என்ன, எங்கிருந்து, எப்போதைக்குள் என்று நாலும் அதில் இருக்கிறது. மேலங்கி எதற்கு என்று விளக்கம் வேண்டாம், குளிருக்குத்தான்.

இப்போது நம் பழக்கத்தைப் பாருங்கள். சபை வாட்ஸாப் குரூப்பில், "ரொம்ப முடியல, ஜெபிச்சுக்கோங்க" என்று போடுகிறோம். முப்பது கைகூப்பின படம் வரும், நாலு வாக்குத்தத்த அட்டை வரும், வாசல் மணி அடிக்காது. பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். குரூப்பை விடுங்கள். மூன்று அல்லது நாலு பேரைத் தேர்ந்தெடுங்கள், ஒவ்வொருவரிடமும் தனியாக, ஒரே ஒரு சின்ன காரியம் கேளுங்கள். இப்படி:

"அக்கா, ஸ்தோத்திரம். பணம் காசு எதுவும் வேண்டாம். வர்ற புதன்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒரு அரைமணி நேரம் வீட்டுக்கு வந்து ஒரு சங்கீதம் வாசிச்சுட்டுப் போறீங்களா? நான் பேசாம படுத்திருந்தாலும் தப்பா நினைக்காதீங்க."

"தம்பி, வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிஞ்சு பதினொன்றரைக்கு வெளியே வருவேன். ஆஸ்பத்திரி வாசல்ல இருந்து வீடு வரைக்கும் ஆட்டோல கூட வர முடியுமா? இந்த ஒரு வாரம் மட்டும்."

"இந்த ஒரு வாரம் மட்டும்" என்ற வார்த்தை முக்கியம். முடிவில்லாத பொறுப்பைப் பார்த்துத்தான் மனிதர்கள் ஓடுகிறார்கள். ஒரு தரம் வந்தவர்கள் அடுத்த தரம் தாங்களாகவே கேட்பார்கள். ஒருவர் மறுத்தால் காரணம் கேட்க வேண்டாம், அடுத்தவருக்குப் போங்கள். தொலைவில் இருப்பவர்களிடம், வாரத்தில் ஒரே கிழமையில் ஒரே நேரத்தில் பத்து நிமிட போன் கேளுங்கள். நேரம் குறிக்காத "அப்புறம் பேசறேன்" வராது.

வருகிறவர்களுக்கு நீங்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டிய சில உண்டு, ஏனென்றால் அவர்களுக்குத் தெரியாது. நோயாளியைப் பார்க்கப் போகும்போது இளநீரும் சாத்துக்குடியும் வாழைப்பழமும் வாங்கிப்போவது நம் ஊர் வழக்கம். டயாலிசிஸில் இருப்பவருக்கு இந்த மூன்றுமே பொட்டாசியம் கூடினவை. வாங்கி வந்ததைக் குடிக்காவிட்டால் மனம் நோகும் என்று குடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், வேண்டாம். "எதுவும் வாங்காம வாங்க" என்று சொல்லிவிடுங்கள். அடுத்தது கை. ஜெபிக்கிறவர்கள் கையை இறுக்கிப் பிடிப்பார்கள். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசிக்காக இரத்தக் குழாய்களை இணைத்த இடம்) போட்ட கையை அழுத்தவோ முறுக்கவோ கூடாது. மற்றக் கையை நீட்டுங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் அந்த வாரம் வராமல் போனில் ஜெபிக்கட்டும்.

சபையைச் சபையாகவே கூப்பிடுவதும் உண்டு. யாக்கோபு 5:14-ஐ கவனித்து வாசியுங்கள்: வியாதிப்பட்டவன் "சபையின் மூப்பர்களை வரவழைப்பானாக". அழைக்கும் பொறுப்பும் உரிமையும் வியாதிப்பட்டவருடையது. போதகர் தானாக வரவில்லையே என்று வருத்தப்பட்டுக் காத்திருப்பதைவிட, ஞாயிறு ஆராதனை முடிந்த மதியம் அல்ல, செவ்வாய் அல்லது புதன் காலை அவருக்குப் போன் பண்ணி மூன்று கேளுங்கள். மூப்பர்களோடு வந்து எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும். நெற்றியில் பூசினால் போதும், ஊசி போடும் கையில் வேண்டாம். மாதம் ஒருமுறை வீட்டில் திருவிருந்து வேண்டும், தேதியை இப்போதே குறித்துவிடலாமா? ஞாயிறு வேண்டுதலில் உங்கள் பெயரைத் தொடர்ந்து வாசிக்க வேண்டும். சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் நோயாளிக்கு வீட்டில் திருவிருந்து கொடுக்க ஒழுங்கு இருக்கிறது. கத்தோலிக்கப் பங்குகள் பலவற்றில் முதல் வெள்ளியன்று நற்கருணையை வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். மற்ற சபைகளில் கேட்டால்தான் நடக்கும். திருவிருந்தில் பருகும் ஒரு வாய் திராட்சரசம் உங்கள் நீர் அளவைக் கெடுக்காது. கணக்கில் சேர்த்துக்கொண்டால் போதும். டயாலிசிஸ் இல்லாத நாளைத் தேதியாகச் சொல்லுங்கள்.

வராதவர்கள்மேல் இருக்கும் மனத்தாங்கலை என்ன செய்வது? பவுல் எல்லாரையும் ஒரே பட்டியலில் போடவில்லை. முதல் விசாரணையில் கூட வராமல்போனவர்களுக்கு, "அந்தக் குற்றம் அவர்கள்மேல் சுமராதிருப்பதாக" என்று ஜெபிக்கிறான். தேமா போனதை உள்ளபடி எழுதுகிறான், சபிக்கவில்லை. தீமை செய்த கன்னானாகிய (உலோக வேலை செய்கிற) அலெக்சந்தரைப் பற்றி மட்டும், எச்சரிக்கையாக இரு என்கிறான். உங்கள் பட்டியலிலும் பெரும்பாலோர் முதல் வகையாகத்தான் இருப்பார்கள். இன்னொன்று: கூட்டிவா என்று அவன் கேட்கிற மாற்கு, முன்பு பம்பிலியாவில் ஊழியத்தை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனவன், பவுல் சேர்த்துக்கொள்ள மறுத்தவன். யாருடைய நம்பரையும் போனிலிருந்து அழிக்காதீர்கள்.

எலியாவிடம் திரும்பிப் போனால் ஒரு வேடிக்கை இருக்கிறது. "நான் ஒருவன்மாத்திரம் மீதியாயிருக்கிறேன்" என்று இரண்டு தரம் சொல்கிறான். ஆனால் முந்தின அதிகாரத்தில்தான் அரண்மனை விசாரிப்புக்காரனான ஒபதியா அவனிடமே, கர்த்தருடைய தீர்க்கதரிசிகளில் நூறுபேரைக் கெபிகளில் ஐம்பது ஐம்பதாக ஒளித்துவைத்துச் சாப்பாடு போட்டதைச் சொல்லியிருந்தான். சொன்னது காதில் விழுந்தது. சோர்வில் மனசு அதை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. அதற்காகத் தேவன் அவனைக் கடிந்துகொள்ளவும் இல்லை. ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்ற செய்தி கடைசியில் வருகிறது. அதற்கு முன்பே எலிசா என்று ஒரு ஆளைப் பேர் சொல்லிக் காட்டுகிறார். அவன் எலியாவின் பின்னே போய் அவனுக்கு ஊழியஞ்செய்தான். ஆகவே ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள்: இந்த மாதம் உங்களுக்கு எதையாவது செய்தவர்கள் யார்? ஊசி வலிக்காமல் போடுகிற அந்த டெக்னீஷியன், சொல்லாமலே மாத்திரை வாங்கிவரும் பக்கத்து வீட்டுப் பையன், எல்லாரும். விசுவாசி இல்லை என்பதற்காக யாரையும் விட்டுவிட வேண்டாம்.

பக்கத்து நாற்காலியில் இருப்பவரையும் எழுதுங்கள். ஒரே ஷிஃப்டில் வாரம் மூன்று நாள், நாலு மணி நேரம், இரண்டு பேரும் அதே கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் நோயை உங்கள் சபை முழுவதையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். பெயர் கேளுங்கள், எந்த ஊர், எப்படி வருகிறார், யார் கூட வருகிறார்கள் என்று கேளுங்கள். ஊசி குத்திக் கட்டிப்போட்டிருக்கும் மனிதரிடம் பிரசங்கம் ஆரம்பித்துவிட வேண்டாம். அவரால் எழுந்துபோக முடியாது. அவராகக் கேட்டால் சொல்லுங்கள். டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் விழுந்து அடிபட்டு, 1951-இல் மரிக்கும்வரை ஏறக்குறைய இருபது வருடம் பெரும்பாலும் அறையோடும் படுக்கையோடும் கழித்தார். நோயாளிகளுக்கென்று அவருக்கு வந்த ஆறுதல் பிரசுரங்களெல்லாம் நலமாயிருக்கிறவர்கள் எழுதியதாக இருந்தன, மனதில் ஒட்டவில்லை. அதனால் நோயாளியாகவே நோயாளிகளுக்கு எழுத ஆரம்பித்தார். படுத்திருப்பவர் சொல்லும் ஒரு வார்த்தைக்குப் படுத்திருப்பவரிடம் தனி மரியாதை உண்டு.

மனச்சோர்வு நோயாக மாறும்போது

துக்கமும் மனச்சோர்வு நோயும் ஒன்றல்ல. டயாலிசிஸில் இருப்பவர்களிடம் இரண்டாவது அதிகம் காணப்படுகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் அநேகமாகத் தினமும் மனம் இருண்டே இருக்கிறது, பிடித்த பாட்டுகூடப் பிடிக்கவில்லை, சாப்பாடு வேண்டாம், எதற்கெடுத்தாலும் "நான் எல்லாருக்கும் பாரம்" என்று தோன்றுகிறது என்றால், அடுத்த டயாலிசிஸ் அன்றே உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் சொல்லி மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்துக் கடையில் தானாக எதையும் வாங்கிப் போடாதீர்கள். சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு மருந்தையும் அளவையும் இரண்டு மருத்துவர்களும் பேசி முடிவுசெய்ய வேண்டும்.

"செத்துப்போனால் நல்லது" என்றோ "டயாலிசிஸே வேண்டாம், போதும்" என்றோ நினைவு வந்தால் அதை மறைக்காதீர்கள். எலியா, யோபு, எரேமியா, யோனா நாலு பேரும் அந்த வார்த்தையைச் சொன்னவர்கள். நாலு பேரும் தேவனிடம் வாய்விட்டுச் சொன்னார்கள். நீங்கள் தேவனிடமும், அன்றைக்கே ஒரு மனிதரிடமும் சொல்லுங்கள். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் 14416 என்ற அரசின் டெலி-மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் போன் பண்ணலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணை இப்போதே போனில் சேமித்து வையுங்கள், தேவைப்படும் நேரத்தில் தேட முடியாது.

இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் இதெல்லாம் பெரிதாகும். அதற்கென்று ஒரு சின்ன ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்: தலைமாட்டில் 88-ஆம் சங்கீதமும் 13-ஆம் சங்கீதமும் பெரிய எழுத்தில் எழுதிய ஒரு தாள், உதடு நனைக்க நாளின் அளவுக்குள் ஒதுக்கிவைத்த கொஞ்சம் தண்ணீர், "எந்த நேரமும் கூப்பிடு" என்று முன்பே சம்மதித்த ஒரே ஒருவரின் நம்பர். அந்த ஒருவரிடம் பகலிலேயே கேட்டு ஒப்புதல் வாங்கிவிடுங்கள். அப்போதுதான் இரவில் கூப்பிடக் கூச்சம் தடுக்காது. இரவில் எந்த முடிவும் எடுக்க வேண்டாம்: சபையை விடுவதா, யாரோடு பேச்சை நிறுத்துவதா, சிகிச்சையை என்ன செய்வதா, எல்லாம் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வாரத்துக்கு இரண்டு வேலை போதும். அந்தப் புதன்கிழமைச் செய்தியை ஒருவருக்கு அனுப்புங்கள். போதகருக்கு ஒரு போன். வருகிறவர் வந்து என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தால், இந்தப் பதிலை அவர் கையில் கொடுத்து 13-ஆம் சங்கீதத்தை மெதுவாக வாசிக்கச் சொல்லுங்கள், இரண்டாம் வசனம் முடிந்ததும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லி.